புதுப்பிப்பு: லண்டனில் ரிசப்ஷன் வகுப்பு இடம் கிடைத்தது

ஏப்ரல் 16 அன்று மகளின் ரிசப்ஷனுக்கு (இங்கே 4-5 வயதில் சேரும் முதல் வகுப்பு) உள்ளூர் கவுன்சிலில் 3 மைல் தள்ளி ஒரு பள்ளியை ஒதுக்கிவிட்டார்கள், தெருவில் பல பிள்ளைகளுக்கும் இதே கதி, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

மேல்முறையீடு தோற்றது. ரிசப்ஷன் மாதிரி சின்னப் பிள்ளைகளின் வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள்தான் என்பது சட்டம். அதைத் தாண்டி ஜெயிப்பது குதிரைக்கொம்பு.

பலித்தது, 'தனித்தனியாகப் புலம்பாமல் சேர்ந்து கேளுங்கள்' என்ற யோசனை. இடம் கிடைக்காத வீடுகளுக்கெல்லாம் வரைபடத்தில் சிவப்புப் பொட்டு வைத்து கவுன்சிலரிடம் கொடுத்தோம். போதிய பள்ளி இடம் தருவது கவுன்சிலின் கடமை என்னும் 1996 கல்விச் சட்டத்தின் 14ஆம் பிரிவையும் காட்டினோம். மனுஷன் பொட்டுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். ஜூலையில் பக்கத்துப் பள்ளியில் கூடுதலாக ஒரு வகுப்பு திறந்தார்கள்.

எதிர்பாராதது: பக்கத்துப் பள்ளியின் காத்திருப்புப் பட்டியலில் முந்தி வந்தவருக்கு முன்னுரிமை கிடையாது. ஜூனில் குடிவந்த குடும்பம், வீடு பள்ளிக்கு இன்னும் பக்கம் என்பதால் எங்களைத் தாண்டிப் போனது. அப்புறம், தூரத்துப் பள்ளியை ஏற்று வைத்திருந்ததால் பட்டியலில் எங்கள் பெயர் போய்விடவில்லை.