ஆந்தூரியம் பூக்கவே மாட்டேன் என்கிறது

கேள்வி (வேளச்சேரி, இரண்டாம் மாடி):
ஆந்தூரியம் வாங்கி எட்டு மாதம். வந்தபோது மூன்று சிவப்புப் பூ. அப்புறம் ஒன்றுகூட இல்லை. இலை நுனி கருகுகிறது. செம்மண்ணும் தொழுவுரமும் போட்டு, தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறேன். ஹாலில் டிவி பக்கத்தில் இருக்கிறது.

பதில் 1:
தினமும் ஒரு சொம்பா! பாவம் அது. காட்டில் மரத்தைப் பற்றி வளர்கிற செடி; வேருக்குக் காற்று வேண்டும். தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு மாற்றுங்கள். மட்டையை முதலில் ஊறவைத்து, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். விரலை விட்டுப் பார்த்து, மேலே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

பதில் 2:
டிவி பக்கம் இருட்டு. நேர் வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். (அந்தச் சிவப்பு பூவே இல்லை, நிறம் மாறிய இலை!)

கேட்டவர்:
தொட்டியைக் கவிழ்த்தேன். பாதி வேர் கொழகொழவென்று கையோடு வந்தது, நாற்றம் வேறு. வெட்டிவிட்டேன். நடுவில் ஒரு குருத்து மட்டும் செம்பழுப்பாகச் சுருண்டு நிற்கிறது.