அமிகா 1200-ல மெயிலும் நியூஸ்குரூப்பும் ஓட வைக்கணும், வழி சொல்லுங்க

குருசுக்குப்பத்தான்:
மாமா பிரான்ஸ்லேர்ந்து கொண்டாந்த பழைய அமிகா 1200 கம்ப்யூட்டர் பரண்ல கெடந்துச்சு, கடலோரம்னால போர்டெல்லாம் பச்சை புடிச்சு கெடந்தத கெப்பாசிட்டர் மாத்தி எழுப்பிட்டேன். 14 மெகாஹெர்ட்ஸ் 020 ப்ராசஸர், கீழ கார்டுல 8 எம்பி ராம். பக்கவாட்டுல இருக்கற பிசிஎம்சிஐஏ ஸ்லாட்ல நெட்வொர்க் கார்டு சொருவுனா கண்டுக்கவே மாட்டேங்குது. யாம்ங்கற அமிகா மெயில் சாஃப்ட்வேர்ல ஜிமெயில் எடுக்க முடியுமா? நியூஸ்குரூப்புக்கு (யூஸ்நெட்ல தலைப்பு வாரியா பேசற பழைய குழுக்கள்) எது நல்லது? எமுலேட்டர்ல பண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க.

மஞ்சக்குப்பம் மணி:
தம்பி, அந்த 8 எம்பி தான் வில்லன். ராமோட மேல் பாதியும் பிசிஎம்சிஐஏ ஸ்லாட்டும் ஒரே அட்ரஸ்ல உக்காருது, கார்டுல ஜம்பர் இருந்தா 4 எம்பிக்கு மாத்திடு. நெட்ல இணைக்கற ரோட்ஷோ சாஃப்ட்வேரோட டெமோ 15 நிமிஷத்துல நின்னுடும், மெயில் எடுக்க அது போதும்.
ஜிமெயிலுக்கு நேரா மட்டும் போவாத. பூட்டு போட்டு (என்கிரிப்ட் பண்ணி) பேச வைக்கற அமிஎஸ்எஸ்எல் 020-ல ஓடும், ஆனா அது கணக்கு போட்டு முடிக்கறதுக்குள்ள சர்வர் பொறுமை போயி லைன கட் பண்ணாலும் பண்ணிடும். ராஸ்பெரி பை (கையளவு குட்டி கம்ப்யூட்டர்) இருந்தா அதுல ஸ்டன்னல்ங்கற பூட்டு போடற சாஃப்ட்வேர் போடு, அமிகா பைகிட்ட போர்ட் 110-ல சாதா பாப்3 (மெயில் எடுக்கற முறை) பேசும், பை ஜிமெயில்கிட்ட 995-ல பூட்டு போட்டு பேசும், அனுப்பறதுக்கு அதே மாதிரி 465. இதெல்லாம் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளயே இருக்கட்டும், வெளிய போர்ட் தொறந்து வெச்சிடாத.

முத்தியால்பேட்ட ரெட்ரோ:
பையும் வேணும்னா அப்புறம் அமிகா எதுக்கு மணிண்ணா, பொம்மைக்கா 😄 030 ப்ராசஸர் கார்டு போட்டா அதோட ராம் தனி அட்ரஸ்ல போயிடும், ஸ்லாட்டோட சண்டையே இல்ல. இன்னொண்ணு, 1200-ல கடிகார பேட்டரி கெடையாது, ஆன் பண்ணா பழைய தேதி காட்டும், சர்வரோட சர்டிஃபிகேட் செல்லாதுன்னு துப்பிடும், போற மெயில்லயும் அதே தேதிதான். நெட்ல கனெக்ட் ஆனதும் நேரம் எடுத்துக்கற மாதிரி ஒரு டூல ஸ்டார்ட்டப்ல போட்டுக்க.
நியூஸுக்கு மைக்ரோடாட்-2, மெயிலும் சேத்தே பாக்கும். கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரியோட யூஸ்நெட்ட கை கழுவிட்டாங்க, எடர்னல் செப்டம்பர்ங்கற நியூஸ் சர்வர்ல ஃப்ரீயா அக்கவுன்ட் போடு. நியூஸ் 119-ல பூட்டு இல்லாமயே வரும், 020-க்கு அது ஒரு பாரமே இல்ல.

குருசுக்குப்பத்தான்:
ஜம்பர் மாத்துனேன், கார்டு எடுத்துக்கிச்சு! நியூஸ் வருது, சோக் கல்ச்சர் தமிழ்ங்கற குரூப்கூட லிஸ்ட்ல இருக்கு. ஜிமெயில் பைவழியா போயி பாஸ்வேர்ட் தப்புங்குது. டூ ஸ்டெப் போட்டு ஆப் பாஸ்வேர்ட் எடுத்து 16 எழுத்தும் பாத்து பாத்துதான் அடிச்சேன்.

மஞ்சக்குப்பம் மணி:
பிரான்ஸ் மிஷின்னு சொன்னல்ல, கீபோர்டு அசெர்ட்டியா, அதாவது பிரெஞ்சு எழுத்து வரிசையா இருக்கும். கீமேப் அமெரிக்கான்னு இருந்தா நீ ஏ அடிச்சா க்யூ விழும், இசட் அடிச்சா டபிள்யூ, ஸ்டார் ஸ்டாரா வர்றதால கண்ணுக்கும் தெரியாது. ஷெல்ல செட்மேப் எஃப் அடி, சரியா வந்தா யூசர் ஸ்டார்ட்டப்ல போட்டுடு. தமிழ்ல வர்ற மெயில் மட்டும் கிறுக்கல் கிறுக்கலாத்தான் தெரியும், அத ஃபோன்ல படிச்சுக்க.

குருசுக்குப்பத்தான்:
அதேதாண்ணா!! 11 மெயில் எறங்கிருச்சு, பத்து பேங்க் விளம்பரம்.