மறு: 'ஓவர்ரைடு' – மேலெழுதுவது வேறு, விஞ்சுவது வேறு

வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்பிய எல்லாருக்கும் நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: கோவையில் பம்பு உறுப்புகளை வரைந்து கொடுக்கும் சின்ன அலுவலகத்தில் வேலை. ஏழு கணினி, ஏழு பேர். டிப்ளமோவும் ஐடிஐயும் முடித்து வரும் பிள்ளைகளுக்காக, இயந்திர உறுப்புகளைக் கணினியில் வரையும் கிரியோ மென்பொருளின் அமைவுகளை (செட்டிங்ஸ்) எப்படிப் பராமரிப்பது என்று நான்கு பக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். 'ஓவர்ரைடு', அதாவது ஓரிடத்து அமைவை இன்னோரிடத்து அமைவு செல்லாமல் செய்வது, அந்தச் சொல்லில் வண்டி நின்றுவிட்டது. அதற்குத் தமிழில் என்ன என்றுதான் குழுவில் கேட்டிருந்தேன். குழுவில் வந்த பரிந்துரைகள்: மேலெழுது, மீறு, மறை, பின்னெழுது. நான்கையும் குறிப்பில் மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டு பையன்களிடம் படிக்கக் கொடுத்தேன். நான்கும் தேறவில்லை. ஏன் என்று சொல்ல, அந்த மென்பொருள் செய்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

1988-ல் புரோ-இன்ஜினியர் என்று வந்த மென்பொருள்தான் 2011 முதல் கிரியோ. பெயர் மாறினாலும் அமைவுக் கோப்பு இன்னும் கான்ஃபிக்.புரோதான். நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு வரிக்கு ஒரு தெரிவு: இடப்பக்கம் தெரிவின் பெயர், வலப்பக்கம் அதன் மதிப்பு. ஆனால் இந்தக் கோப்பு ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. கிரியோ திறக்கும்போது முதலில் கான்ஃபிக்.சப் என்ற இன்னொரு கோப்பைப் படிக்கும். பிறகு மென்பொருள் நிறுவிய இடத்தில் உள்ள கான்ஃபிக்.புரோ, அடுத்து பயனரின் சொந்தக் கோப்புறையில் உள்ளது, கடைசியாக எந்தக் கோப்புறையிலிருந்து கிரியோ தொடங்கியதோ அதில் உள்ளது. ஒரே தெரிவு இரண்டு மூன்று இடங்களில் வந்தால் கடைசியாகப் படித்ததுதான் செல்லும். கான்ஃபிக்.சப்பில் உள்ள வரியை மட்டும் பின்னால் வரும் எதுவும் அசைக்க முடியாது.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> மேலெழுது என்பதே புழக்கத்தில் உள்ளது. புதுச்சொல் எதற்கு?

சிலேட்டில் அழித்துவிட்டு எழுதினால் பழையது போய்விடும். அதுதான் மேலெழுதுதல், கோப்பைச் சேமிக்கும்போது 'பழைய கோப்பின் மேல் எழுதவா' என்று கேட்கிறதே, அந்தச் செயல். இங்கே அப்படி இல்லை. நிறுவிய இடத்தில் உள்ள வரி அங்கேயே இருக்கிறது. மேலே வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்பின் மேல் டிஸ்டெம்பர் அடித்த மாதிரி. மேலே உள்ளதைச் சுரண்டினால் கீழே உள்ள நிறம் எட்டிப்பார்க்கும். 'மேலெழுதப்படும்' என்று படித்த பையன், 'அப்போ ஆபீஸ் ஃபைல் அழிஞ்சிடுமா சார்?' என்று பயந்துபோய்க் கேட்டான். சொல் தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

'மறை' அழகான சொல். ஆனால் கேட், அதாவது கணினி வரைபட மென்பொருளில் வரைபவர் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை உறுப்புகளை மறைக்கிறார். அது திரையில் 'ஹைடு' கட்டளை. 'இந்த வரி அந்த வரியை மறைக்கிறது' என்றால் மனம் அங்கேதான் போகும். 'மீறு' என்று போட்டால் மெமோ வாசம் அடிக்கிறது. 'நிறுவன அமைவை மீறலாம்' என்று நான் எழுதி, அதை மேலாளர் பார்த்தால் என் கதி?

'பின்னெழுது' என்று சொன்ன நண்பர் வரிசையைச் சரியாகப் பிடித்திருக்கிறார். பின்னால் வருவது வெல்லும். ஆனால் கான்ஃபிக்.சப் முதலில் படிக்கப்பட்டும் வெல்கிறதே! ஆகவே காலத்தை வைத்துப் பெயர் சூட்ட முடியாது. எது யாருக்கு மேல் நிற்கிறது என்பதை வைத்துத்தான் முடியும்.

என் பரிந்துரை: விஞ்சு. 'சொந்தக் கோப்பில் உள்ள வரி, நிறுவிய இடத்து வரியை விஞ்சும்.' 'கான்ஃபிக்.சப்பில் உள்ளதை விஞ்ச முடியாது.' பெயர்ச்சொல்லாக 'விஞ்சல்', அடையாக 'விஞ்சிய மதிப்பு', 'விஞ்சப்பட்ட மதிப்பு'. தோற்றவன் செத்துப்போவதில்லை, கீழே இருக்கிறான். திரையில் வேறு எந்தக் கட்டளைக்கும் இந்தச் சொல் வேலை செய்யவில்லை என்பதும் வசதி.

இந்தச் சொல்லை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்று கேட்கலாம். சொந்த அனுபவம்தான். புதிய பையன் ஒருவன் திரையில் குறுக்குவழி ஐகானை அழித்துவிட்டு, தானே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டான். எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்குவது என்று சொல்லும் 'ஸ்டார்ட் இன்' என்ற கட்டத்தில் எங்கள் கோப்புறையின் முகவரி இல்லை. அதனால் எங்கள் கான்ஃபிக்.புரோ படிக்கப்படவே இல்லை. எங்கள் வரி விலகியதும் கீழே இருந்த வரி எட்டிப்பார்த்தது: புதிய உறுப்புக்கான வார்ப்புரு (டெம்ப்ளேட்) அங்குலம்-பவுண்டு கணக்கில் திறந்தது. அவனுக்குத் தெரியாது. 150 என்று அடித்தான், திரையில் 150 என்று காட்டியது, அச்சடித்த தாளிலும் 150 என்றே வந்தது. வேறு மென்பொருள்களிலும் திறக்கும் ஸ்டெப் கோப்பாக மாற்றி, வார்ப்புக்கான மாதிரி (பேட்டர்ன்) செய்பவருக்கு அனுப்பிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 150 அங்குலம் என்றால் 3810 மில்லிமீட்டர். பன்னிரண்டரை அடி விட்டத்தில் ஒரு இம்பெல்லர், பம்புக்குள் சுழலும் சக்கரம். அவர் போனில் கேட்டார்: 'என்ன சார், தேருக்குச் சக்கரமா?'

அன்றிலிருந்து வார்ப்புரு, அலகு, ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்ட் ஆங்கிளா (பக்கத் தோற்றங்களை எந்தப் பக்கம் வைப்பது) என்று முடிவு செய்யும் வரைபட அமைவுக் கோப்பு, மூன்றையும் கான்ஃபிக்.சப்புக்கு ஏற்றிவிட்டேன். மற்றதெல்லாம் கான்ஃபிக்.புரோவில். எல்லாவற்றையும் சப்பில் போட்டுப் பூட்டிவிடத் தோன்றும், செய்யக்கூடாது. அவரவர் மேப்கீ (பல கட்டளைகளை ஒன்றாக ஓட்டும் குறுக்கு விசை), நிறம், ரிப்பன் (மேலே உள்ள பொத்தான் பட்டை) எல்லாம் அவரவர் கைப்பழக்கம். அதில் கை வைத்தால் வேலையும் ஓடாது, மரியாதையும் இருக்காது. ஒவ்வொரு வரிக்கு மேலும் ஆச்சரியக்குறியில் தொடங்கும் விளக்க வரி ஒன்று எழுதுகிறேன்: யார், எப்போது, ஏன். கிரியோ அந்த வரியைக் கண்டுகொள்ளாது. ஆறு மாதம் கழித்து 'இதை எந்தப் புண்ணியவான் போட்டான்' என்று தேடும்போது, அந்தப் புண்ணியவான் பெரும்பாலும் நானாகத்தான் இருக்கிறேன்.

இந்தக் கதையிலிருந்து இன்னொரு சொல்லுக்கும் வழி பிறக்கிறது. 'டிஃபால்ட்' என்பதை இயல்புநிலை, இயல்பிருப்பு, முன்னிருப்பு என்று மூன்று விதமாக எழுதுகிறோம். அங்குலம் நமக்கு எந்த வகையில் இயல்பு? தேர்ட் ஆங்கிள் நமக்கு எப்படி இயல்பு? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்பி 46 என்ற வரைபடக் கையேட்டின்படி நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்தே படிப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள். மென்பொருளோடு கூட வரும் வரைபட அமைவோ தேர்ட் ஆங்கிள். கவனிக்காமல் விட்டால் இடப்பக்கத் தோற்றம் வரவேண்டிய இடத்தில் வலப்பக்கத் தோற்றம் நிற்கும். கடைசல்காரர் துளையை எதிர்ப்பக்கம் போட்டுவிட்டு 'வரைபடத்துல அப்படித்தான இருக்கு' என்பார். அவர் மேல் தவறில்லை. ஆகவே என் ஓட்டு முன்னிருப்புக்கு. நமக்கு முன்பே அங்கே இருந்தது என்று மட்டும் சொல்கிறது. அதுதான் சரி என்று சொல்லவில்லை.

'கஸ்டம்' என்பதற்கு எல்லாரும் 'தனிப்பயன்' என்கிறார்கள். கைப்பேசிக்குச் சரி. ஏழு பேரும் ஒன்றுபோல வைத்திருக்க வேண்டிய அமைவை 'தனிப்பயன் அமைவு' என்றால், பையன் அதைத் தன்னுடையது என்று நினைத்துத் திருத்துவான். 'வழக்கமைவு' என்று யோசித்தேன், பட்டறை வழக்கம் என்ற பொருளில். என் மனைவி படித்துவிட்டு 'வழக்கமான அமைவா?' என்றார். கிழிந்தது, அது திரும்ப டிஃபால்டாகிவிட்டது. கடைசியில் யாருடையது என்பதை வைத்தே பிரித்தேன்: முன்னிருப்பு, அலுவலக அமைவு, தன்னமைவு. விஞ்ச முடியாதது பூட்டமைவு.

கருத்துச் சொல்லுங்கள்.

---

அன்புள்ள தம்பிக்கு,

நான் கணினி அறியேன். நாற்பது ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். தேர்ச் சக்கரத்தைப் படித்துச் சிரித்தேன்.

விஞ்சுதல் என்றால் சிறப்பில் மேம்படுதல். 'அழகில் அவளை விஞ்சியவர் இல்லை' என்போம். நீங்கள் சொல்வதோ அதிகாரம், சிறப்பு அன்று. அதற்கு வீட்டிலேயே சொல் இருக்கிறதே. 'அப்பா பேச்சை மிஞ்ச மாட்டான்.' மிஞ்சு என்று வைத்தால் பாமரருக்கும் விளங்கும். கான்ஃபிக்.சப்தான் அப்பா, இல்லையா?

---

மறு: மிஞ்சு

இலவச மென்பொருள் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருப்பதால் இரண்டு காசு நானும் போடுகிறேன்.

ஐயா சொன்ன 'மிஞ்சு' வினையாக இருக்கும்வரை அருமை. பெயரெச்சமாக்கினால் சிக்கல். 'மிஞ்சிய மதிப்பு' என்று திரையில் வந்தால் என் காதில் 'மிஞ்சிய சோறு' என்றுதான் விழுகிறது. மீந்துபோனது என்று பொருள் கொண்டால் நேர் எதிராகிவிடும். ஏனென்றால் மீந்துபோய்க் கீழே கிடப்பது விஞ்சப்பட்ட மதிப்பு. அதனால் நான் விஞ்சு பக்கம்.

கோவை நண்பருக்கு ஃபிரீகேட் என்ற இலவச கேட் மென்பொருளிலிருந்து ஒரு சான்று. அங்கே பயனரின் அமைவுகள் யூசர்.சிஎஃப்ஜி என்ற கோப்பில் இருக்கும். 2022-ல் வந்த 0.20 பதிப்பில் 'பிரிஃபரன்ஸ் பேக்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அமைவுகளின் மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் கட்டி இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அந்த மூட்டையை அவிழ்த்தால், உள்ளே உள்ள மதிப்புகள் யூசர்.சிஎஃப்ஜியில் இருந்த பழைய மதிப்புகளின் இடத்தில் போய் எழுதப்பட்டுவிடும். அதாவது இங்கே நடப்பது உண்மையிலேயே மேலெழுதுதல்! மூட்டையை நீக்கினாலும் கீழிருந்து எதுவும் எட்டிப்பார்க்காது. அதற்கு முன்பு எடுத்துவைத்த நகல் வேண்டும். நான் மேலெழுதுவது, விஞ்சுவது இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு மொழிபெயர்த்திருந்தேன். மாற்ற வேண்டும்.

அப்புறம் ஒரு சின்ன எச்சரிக்கை, சொல்லுக்குச் சம்பந்தமில்லை: ஃபிரீகேட் திறந்திருக்கும்போது அந்தக் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். மூடும்போது அது தன்னிடம் உள்ளதை எழுதிவிட்டுப் போகும். உங்கள் திருத்தம் காற்றில். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் போனது.

---

மறு: மறு: மிஞ்சு

ஐயா, 'அப்பா பேச்சை மிஞ்ச மாட்டான்' என்ற வரியை அப்படியே குறிப்பில் விளக்கமாகச் சேர்த்துக்கொள்கிறேன். அதைவிட நன்றாக கான்ஃபிக்.சப்பை யாரும் விளக்க முடியாது. சொல்லாக மட்டும் விஞ்சு இருக்கட்டும். சிறப்பு என்ற சாயல் ஒட்டிக்கொண்டால் பரவாயில்லை, எங்கள் அலுவலக அமைவு முன்னிருப்பைவிடச் சிறந்ததுதான்!

ஃபிரீகேட் சான்றுக்கு நன்றி. அதைப் படித்தபோது எங்களிடமே இன்னொரு வகை இருப்பது உறைத்தது. வரைபட அமைவுக் கோப்பைக் கான்ஃபிக்.சப்பில் பூட்டினேன் என்றேன் அல்லவா? புதிய வரைபடங்கள் எல்லாம் ஃபர்ஸ்ட் ஆங்கிளில் வந்தன. பழையவை அப்படியே தேர்ட் ஆங்கிளில். காரணம், வரைபடம் உருவாகும்போதே அந்த அமைவுகள் அதற்குள் பதிந்துவிடுகின்றன; பிறகு வெளியே எதை மாற்றினாலும் அதற்குக் கேட்காது. ஆட்டோகேடிலும் இப்படித்தான்: எல்டிஸ்கேல் (கோட்டு வகைகளின் அளவு) வரைபடத்தோடு போகும், ஃபைல்டியா (கோப்பு தேர்வுப் பெட்டி காட்டுவதா என்பது) கணினியிலேயே தங்கும். எது எதோடு போகிறது என்று தெரியாமல்தான் 'என் மெஷின்ல சரியா வருதே' என்ற சண்டை நடக்கிறது. ஆவணத்துக்குள் பதிந்ததைப் 'பதிவமைவு' என்று எழுதியிருக்கிறேன். பத்திரப்பதிவு அலுவலகம் நினைவுக்கு வந்தால் சொல்லுங்கள், மாற்றுகிறேன்.

ஒன்று மிச்சம். கோப்புகளை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் தேடு பாதை என்ற தெரிவை ஒரே கோப்பில் பத்து வரி எழுதலாம்; ஒன்றை ஒன்று விஞ்சாது, பத்தும் சேர்ந்துகொள்ளும். மேப்கீயும் அப்படியே. இந்த வகைத் தெரிவுக்கு 'கூட்டமைவு' என்று போட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துவிட்டு, 'எந்தக் கட்சியோட?' என்கிறார். வேறு ஏதாவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கள்கிழமை இரண்டு பையன்கள் புதிதாகச் சேருகிறார்கள். அச்சடித்து வைக்க வேண்டும்.