கோடு நேராத்தான் வருது, விடைதான் வரல

தண்டையார்பேட்டை தையல்காரி:
எம்.சி. ரோடு கடைங்களுக்கு நைட்டி தைச்சுக் குடுக்கறேன். நான் படிச்சது பத்தாவது. பையன் இப்ப ஒன்பதாவது. 2எக்ஸ் + 3ஒய் = 12-க்கு வரைபடம் வரையணுமாம். ஒய்-ஐத் தனியா பிரிச்சு, ஒய் = 4 − 2எக்ஸ்-னு எழுதியிருக்கான். எக்ஸ் 0, 1, 2 போட்டா ஒய் 4, 2, 0. மூணு புள்ளியும் நூல் புடிச்ச மாதிரி நிக்குது. ஆனா விடையில கோடு எக்ஸ் அச்சை 6-ல வெட்டுது, இவனுக்கு 2-ல. "கோடு நேரா வந்துச்சுல்ல, அப்ப புக்குதான் தப்பு"ங்கறான். மூணு கிராஃப் ஷீட் காலி. எங்கதான் தப்பு?

பெரம்பூர் வாத்தியார்:
பிரிச்ச இடத்துலதாம்மா தப்பு. 3ஒய் = 12 − 2எக்ஸ் வரைக்கும் சரி. 3-ஆல வகுக்கும்போது 12-ஐ மட்டும் வகுத்துட்டு 2எக்ஸ்-ஐ அப்படியே விட்டுட்டான். ஒய் = (12 − 2எக்ஸ்)/3. மூணாவது புள்ளியும் கோட்டுல உக்காந்தா சரின்னு நாங்கதான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தோம். ஒரு புள்ளியைக் கணக்குப் போட்டதுல பிசகினா அது காட்டிக் குடுக்கும், அவ்வளவுதான். தப்பா பிரிச்ச சமன்பாட்டுக்கும் கோடு நேராத்தானே வரும்! புள்ளியை முதல் சமன்பாட்டுலயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. (2, 0) போட்டா 4 வருது, 12 இல்ல. பின்னம் வராம இருக்க எக்ஸ்-க்கு −3, 0, 3, 6 எடுக்கட்டும். ஒய் 6, 4, 2, 0.

வண்ணாரப்பேட்டை அவசரக்காரன்:
எதுக்கு இவ்ளோ? எக்ஸ் 0-ன்னா ஒய் 4. ஒய் 0-ன்னா எக்ஸ் 6. ரெண்டையும் சேர்த்து இழு, முடிஞ்சுது.

பெரம்பூர் வாத்தியார்:
3எக்ஸ் − 2ஒய் = 0 வந்தா என்ன பண்ணுவீங்க தம்பி? ரெண்டு புள்ளியும் ஆதிப்புள்ளியிலயே போய் உக்காந்துக்குமே.

காசிமேடு ஃபைபர் போட்டு:
அக்கா, வாத்தியார் சொன்னது கரீட்டு. ஆனா பையனுக்கு இப்டி சொல்லு. மூணு பேரு கடலுக்குப் போறோம். மீனு வித்த காசு 1200-னு வெச்சுக்கோ. ஐஸ்கட்டி ஒண்ணு 200, எக்ஸ் கட்டி வாங்கிக்கீறோம். செலவைக் கழிச்சு மிச்சத்தை மூணா கூறு போட்டா ஆளுக்கு எவ்ளோ நூறுன்றதுதான் ஒய். உம் பையன் இன்னா பண்ணிக்கீறான்? வருமானத்த மட்டும் மூணா பிரிச்சுட்டு, ஐஸ் காசை ஒவ்வொருத்தன்கிட்டயும் முழுசா புடிச்சுட்டான். ஒரே செலவு மூணு தபா! ரெண்டு கட்டி வாங்கினா 400 போக 800 மிச்சம் கீது. அவன் கணக்குல ஆளுக்கு சைபர். அந்த 800 எங்க போச்சுன்னு கேளு. கரையில இப்டி கணக்கு சொன்னா அன்னிக்கே சண்டைதான்.
ஆறு கட்டி வாங்கினா மொத்தமும் ஐஸுக்கே பூடும், பங்கு சைபர். அதான் கோடு 6-ல வெட்டுது. −3 கட்டி ஐஸ் எங்க விக்கிறாங்கன்னு மட்டும் வாத்தியாரைக் கேட்டுச் சொல்லு.

தண்டையார்பேட்டை தையல்காரி:
800 எங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் அவனே ரப்பரைத் தேடினான். நாலு புள்ளி வெச்சான், 6-ல வெட்டிடுச்சு. அடுத்த கணக்கு 3எக்ஸ் − 2ஒய் = 6. ஒய்-க்கு முன்னாடியே மைனஸ். தம்பி, இதுல யாரு யாருக்குக் கடன்?