மதுரைக்காரர்களுக்கு எது சொந்த கிளப்: சென்னையினா, சேதுவா?

காரியாபட்டி முத்து:
ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து வந்தால் மதுரையில் ஆளாளுக்குச் சென்னையின் எஃப்.சி.யின் நீலச் சட்டையோடு திரிகிறார்கள். நம்ம ஊர் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக் சாம்பியன். லூதியானாவில் நடந்த இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று ஜெயித்தார்கள். சபித்ரா பண்டாரி ரெண்டு கோல், டாங்மேய் கிரேஸ் ஒன்று. தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிய கிளப்பை விட்டுவிட்டு 450 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கிளப்புக்கு எதற்குக் கொடி பிடிக்கிறீர்கள்?

வைகைக்கரை:
முத்து அண்ணே, பற்று என்பது முகவரி பார்த்து வருவதில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கிடந்தது. சென்னையின் எஃப்.சி.யின் ஐ.எஸ்.எல். அரையிறுதியில் சொந்த ஊர் ஆட்டத்தையே புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். அப்புறம் கோவாவில் இறுதிப் போட்டி. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போய்விட்டது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கடைசி நிமிடங்களில் கோவா கோல்கீப்பரின் சொந்த கோல், அடுத்து மெண்டோசாவின் கோல், 3-2. அந்த ராத்திரி டிவி முன்னால் இருந்தவனிடம் போய் 'இது உன் ஊர் கிளப் இல்லை' என்று சொல்ல முடியுமா? 2018 இறுதிப் போட்டியில் பெங்களூருவை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று ஜெயித்தபோது மைல்சன் தலையால் முட்டிய ரெண்டு கோலும் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. இன்னொன்று, சேது அணியில் மதுரைப் பிள்ளைகள் எத்தனை பேர்? சபித்ரா நேபாளம், கிரேஸ் மணிப்பூர்.

காரியாபட்டி முத்து:
மெண்டோசா கொலம்பியா, மைல்சன் பிரேசில், 2015 பயிற்சியாளர் மத்தராஸி இத்தாலி. அங்கே கேட்காத கேள்வியைப் பெண்கள் அணியிடம் மட்டும் ஏன் தம்பி கேட்கிறாய்?

தெப்பக்குளத்தான்:
ரெண்டு பேரும் மைதானத்தை மறந்துவிட்டீர்கள். ரசிகர் கூட்டம் கேலரியில்தான் உருவாகும். சென்னையில் 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்', 'சூப்பர்மச்சான்ஸ்' என்று குழுக்கள் வளர்ந்தது எப்படி? நேரு ஸ்டேடியத்தில் வருஷா வருஷம் ஆட்டம் இருந்தது, பக்கத்தில் நின்று கத்த ஆள் இருந்தது. சேது ஜெயித்த வருஷம் லீக் மொத்தமும் லூதியானாவில் நடந்தது. மதுரைக்காரன் எங்கே போய்க் கைதட்டுவான்? சென்னை சிட்டி எஃப்.சி.யைப் பாருங்கள். கோவையில் ஆடினார்கள், இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கை 2018-19-இல் வென்றார்கள். பெயர் சென்னையாக இருந்தாலும் கோயம்புத்தூர்க்காரர்கள் போய்ப் பார்த்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஆட்டம் நடந்தது, அவ்வளவுதான் காரணம்.

வைகைக்கரை:
அதே சென்னை சிட்டி சில வருஷத்தில் ஐ-லீக்கை விட்டே போய்விட்டதே அண்ணே. மைதானம் இருந்தால் மட்டும் போதுமா? சென்னையின் எஃப்.சி. கோப்பையைத் தூக்கிய ரெண்டு இறுதிப் போட்டியும் வெளியூரில்தான் நடந்தது. டிவியில் தமிழ் வர்ணனையோடு வீட்டுக்குள் வந்ததால்தான் மதுரை வரைக்கும் ஒட்டிக்கொண்டது.

காரியாபட்டி முத்து:
நீயே என் பக்கம் வந்துவிட்டாய். காட்டினால் பார்ப்பார்கள். பெண்கள் லீக்கை அப்படிக் காட்டவில்லை, அதனால்தான் 2022-இல் கடைசி ஆட்டத்தில் சேது அணி கோகுலம் கேரளாவிடம் 3-1 என்று தோற்றுப் பட்டத்தை விட்டபோது இங்கே வருத்தப்படக்கூட ஆள் இல்லை. எனக்கு வலித்தது அந்தத் தோல்வி இல்லை, இந்த அமைதிதான்.

தெப்பக்குளத்தான்:
சாம்பியன் அணியின் ஆட்டத்தை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் நடத்தக் கேளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இலவசமாக உள்ளே விடுங்கள். மற்றதை மதுரைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வைகைக்கரை:
சரி, அப்படி நடந்தால் முதல் வரிசையில் நான் இருப்பேன். ஆனால் நீலச் சட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள்.