தமிழ் வகுப்புக் குழுவில் பிள்ளைக்குத் தொல்லை: உங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லுங்கள்

செங்காங் அம்மா:

என் மகள் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். வீட்டிலிருந்து கற்கும் நாள் ஒன்றில், காணொளி வகுப்பில் தமிழ் ஆசிரியர் அவளை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். கண் பாதி மூடி வாய் கோணியிருந்த ஒரு நொடியை வகுப்புப் பையன் ஒருவன் திரையிலிருந்து படம் பிடித்து, ஸ்டிக்கராக்கி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

அப்புறம் அந்த ஸ்டிக்கர் குழுவின் பேச்சாகவே ஆகிவிட்டது. "சரி" என்பதற்கு அவள் முகம். "வீட்டுப்பாடம் செய்யல" என்பதற்கு அவள் முகம். யார் எதைச் சொதப்பினாலும் அவள் முகம். யாரும் திட்டவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. தினமும் அவளோடு பஸ்ஸில் வரும் தோழியும் அதைத்தான் அனுப்பினாள். இதில் யார்மீது புகார் கொடுப்பது?

எங்களுக்குச் சந்தேகம் வந்தது வேறு வழியாக. தமிழில் நல்ல மதிப்பெண் வாங்குபவள் திடீரென்று உயர்தமிழ், அதாவது தமிழின் மேல்நிலைப் பாடம், வேண்டாம் என்றாள். பாடம் கனமாக இருக்கிறது போல என்று நினைத்தோம். அவள் அப்பா விடாமல் கேட்டபோதுதான் போனை எடுத்து நீட்டினாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா போனைப் பிடுங்கிக்குவீங்க. குழுவில இல்லன்னா நாளைக்கு என்ன டெஸ்ட்டுன்னுகூட எனக்குத் தெரியாது" என்றாள். அவள் பக்கத்துக் கணக்கு சரிதான்.

நம் பிள்ளைகளுக்கு இங்கே கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. பல பள்ளிகளில் ஒரு நிலைக்கு ஒரே தமிழ் வகுப்புதான். வெவ்வேறு வகுப்புகளில் இருக்கும் சிலர் தமிழுக்கு மட்டும் ஒன்றுகூடுவார்கள். அடுத்த ஆண்டும் அதே முகங்கள். வகுப்பை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க வழியில்லை. பெற்றோர்களும் கோயில், தேக்கா சந்தை, துணைப்பாட நிலையம் என்று எங்கே போனாலும் எதிரே வருபவர்கள். பையனின் அம்மாவிடம் பேசப்போகிறேன் என்றதும் எங்கள் சொந்தக்காரர்களே "நம்ம ஆளுங்கதானே, பெருசாக்காதீங்க" என்றார்கள். நம்ம ஆளுங்க என்பதால்தான் அது பெருசு. முன்பின் தெரியாதவன் அனுப்பியிருந்தால் என் மகள் அவனை பிளாக் செய்துவிட்டுத் தூங்கப் போயிருப்பாள்.

கடைசியில் வகுப்பாசிரியரிடம் போனோம். அவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பையனை மட்டும் நிறுத்தித் திட்டவில்லை. குழுவில் இருந்த ஒவ்வொருவரையும் பள்ளி முடிந்ததும் தனித்தனியாகக் கூப்பிட்டு, சேமித்து வைத்திருந்த ஸ்டிக்கரை அவரவர் கையாலேயே நீக்க வைத்தார். குழுவில் 'எல்லாருக்கும் நீக்கு' என்று அழுத்தினால் அந்தச் செய்திதான் போகும். விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொண்டவர்கள் போனில் ஸ்டிக்கர் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

பாலிடெக்னிக் தம்பி:

அக்கா, எனக்கு உயர்நிலை நான்கில் நடந்தது. பள்ளிப் பெயரில் மாணவர்கள் ரகசியமாக ஒரு 'கன்ஃபெஷன்' பக்கம் நடத்தினார்கள். யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் எழுதி அனுப்பலாம். நடத்துபவன் எடுத்துப் போடுவான். பெரும்பாலும் யார் யாரை விரும்புகிறார்கள் என்ற கதைதான். ஒரு நாள் என் நிறத்தைப் பற்றி வந்தது. விளக்கை அணைத்தால் பல் மட்டும்தான் தெரியும் என்ற அதே அரதப் பழசு. என் பெயர் இல்லை. ஆனால் எந்த வகுப்பு, பாட நேரத்துக்கு வெளியே எந்த இணைப்பாட நடவடிக்கை என்று இருந்தது. அந்த அணியில் இந்தியன் நான் ஒருவன்தான்.

பதிவைப் புகார் செய்தேன், பக்கம் காணாமல் போனது. சில நாளில் அதே பெயருக்குப் பின்னால் 2 என்று சேர்த்து இன்னொன்று முளைத்தது. அதனால் யாருக்காவது இப்படி நடந்தால் முதலில் படம் பிடித்து வையுங்கள், அப்புறம் புகார் செய்யுங்கள். வரிசை மாறினால் கையில் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, பிளாக் செய்தால் எதிராளி கண்டுபிடித்துவிடுவான். 'பயந்துட்டான்' என்று அதற்கும் ஒரு பதிவு வரும். இன்ஸ்டகிராமில் 'ரெஸ்ட்ரிக்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது, 2019-இல் வந்தது. அதைப் போட்டால் நம் பதிவின் கீழ் அவன் எழுதுவது அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். நாம் அனுமதித்தால் ஒழிய வேறு யாரும் பார்க்க முடியாது. அவனுக்கு அறிவிப்பும் போகாது. தனியாக நின்று கத்திக்கொண்டிருப்பான். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

அணியில் இருந்த மலாய் நண்பன் ஒருவன் அந்தப் பதிவின் கீழ் எனக்காகச் சண்டை எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் இன்னும் பத்துப் பேர் வந்து பார்த்திருப்பார்கள். எனக்குத் தனியாக, "பசிக்குது, பிராட்டா கடைக்கு வா" என்று மட்டும் அனுப்பினான். அந்த வாரம் முழுக்க வேறு யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை, அவனும் பேசவில்லை. ஆனால் கூடவே இருந்தான்.

ஈசூன் அக்கா:

என் தம்பிக்குப் பன்னிரண்டு வயது. அம்மா இரவுப் பணி, அதனால் அவன் போனைத் தினமும் நான்தான் பார்ப்பேன். அவனுக்குத் தெரிந்தேதான், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான். இந்த வயதுக்கு அது தப்பில்லை என்பது என் கருத்து. 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை, இணைப்பாட நேரம் உட்படப் பள்ளி நேரம் முழுக்கத் திறன்பேசி கூடாது என்று விதி வந்திருக்கிறது. நல்லதுதான். பள்ளி வழியாக வாங்கும் கற்றல் சாதனமும் இரவு 10.30-க்குத் தானாகத் தூங்கிவிடும். ஆனால் சொந்தப் போன்தான் தூங்காதே. எல்லாக் கூத்தும் அந்த நேரத்தில்தானே நடக்கிறது?

பாலிடெக்னிக் தம்பி:

பன்னிரண்டுக்குச் சரி அக்கா. பதினைந்து வயதில் என் போனை யாராவது பார்த்திருந்தால் இரண்டாவது கணக்கு ஒன்று திறந்திருப்பேன்.

ஜூரோங் அப்பா:

எங்களுடையது கொஞ்சம் முற்றிய கேஸ். மகன் இணைய விளையாட்டில் ஒரு பையனோடு மோதிக்கொண்டான். அவன் கோபத்தில் எங்கள் புளோக் எண், வீட்டு எண், மகனின் கைப்பேசி எண் மூன்றையும் அரட்டைக் குழுவில் போட்டு, "எல்லாரும் கூப்பிடுங்க" என்று எழுதிவிட்டான். நடு இரவில் நாங்கள் கேட்காத சாப்பாடு வாசலுக்கு வந்தது. கொண்டுவந்தவர் பாவம், அவருக்கு நான் காசு கொடுத்து அனுப்பினேன்.

விளையாட்டுச் சண்டை என்று விட்டுவிட முடியாது. 2014-இல் வந்த துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டம் இணையத்துக்கும் பொருந்தும். துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவருடைய விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி 1 முதல் அதே சட்டத்தில் குற்றம். இதற்கென்றே தனி நீதிமன்றம் 2021 ஜூன் முதல் இயங்குகிறது. பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், பதிவை நீக்கச் சொல்லியும் கேட்கலாம்.

நாங்கள் நீதிமன்றம் வரை போகவில்லை. அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். முகப்பில் இருந்த அதிகாரி முதலில் பார்த்தது நான் கொண்டுபோன படங்களைத்தான். அதில் தேதி, நேரம், கணக்குப் பெயர், சுட்டி நான்கும் இருக்கிறதா என்று தேடினார். மேலே காட்டும் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அது மட்டும் இருந்தால் பயனில்லை. சில நாளில் அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு அவன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். பையன் என் மகனைவிடச் சின்னவன், தோளுக்குக்கூட வரவில்லை. எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

ஒரே வகுப்புப் பிள்ளைகள் என்றால் என் அபிப்பிராயத்தில் பள்ளிதான் வேகம். செங்காங் அம்மா செய்ததுதான் சரி. முகம் தெரியாதவர்கள், விவரக் கசிவு, மிரட்டல் என்றால் சட்டத்திடம் போகத் தயங்காதீர்கள். 2025 நவம்பரில் நாடாளுமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது. அதன்படி அமையும் இணையப் பாதுகாப்பு ஆணையத்திடம் பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாக முறையிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளையின் அந்தரங்கப் படம், அல்லது முகத்தை ஒட்டி ஏஐ வழியாகச் செய்த நிர்வாணப் படம் பரவினால், ஆதாரத்துக்கு என்று நீங்கள் சேமிக்கவோ யாருக்கும் அனுப்பவோ வேண்டாம். சிறுவர் சம்பந்தப்பட்ட அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே இங்கே குற்றம். எங்கே பார்த்தீர்கள், யார் அனுப்பியது என்று குறித்துக்கொண்டு நேரே காவல்துறைக்குப் போங்கள்.

துணைப்பாட டீச்சர்:

இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் பாதிக்கப்பட்ட பக்கம். நான் மறுபக்கத்தைப் பார்த்தேன். என்னிடம் படிக்கும் உயர்நிலை ஒன்று மாணவன் டெலிகிராமில் ஒரு வாக்கெடுப்பு நடத்தினான். 'நம்ம கிளாஸ்ல யாரு ரொம்ப போர்?' நான்கு பெயர்கள், நான்கும் பெண் பிள்ளைகள். அதில் ஒரு பிள்ளையும் என்னிடம்தான் படிக்கிறாள். வகுப்பில் வந்து உட்கார்ந்தாள், பென்சிலைக்கூட எடுக்கவில்லை.

பையனின் அம்மாவை அழைத்துச் சொன்னேன். "என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான் டீச்சர்" என்றார். போனில் இருந்ததைக் காட்டினேன். "மத்தவங்க தூண்டிவிட்டிருப்பாங்க" என்றார். அப்புறம் நான் பையனிடம் தனியாகப் பேசினேன். தொடக்கநிலை ஐந்தில் இதே மாதிரி வாக்கெடுப்பில் முதலிடம் வாங்கியவன் அவன்தான். அதைச் சொல்லும்போது எத்தனை ஓட்டு விழுந்தது என்பது அவனுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. செய்தது சரியாகிவிடாது, அதையும் அவனிடம் சொன்னேன்.

சின்னப் பிள்ளைகள் நம்மிடம் சொல்லத் தயங்கினால் சிங்கப்பூர் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃபிரண்ட் என்ற உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது, 1800-2744-788. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்காகவே நடத்துகிறார்கள். பிள்ளை உயிர் வேண்டாம் என்கிற மாதிரி ஏதாவது பேசினால் காத்திருக்காதீர்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767 இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, மனநல உதவிக்கு 1771-ம் அப்படியே.

செங்காங் அம்மா:

டீச்சர், அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு? இரண்டு பேரும் இன்னும் உங்களிடம்தான் படிக்கிறார்களா?

துணைப்பாட டீச்சர்:

ஆமாம். அவளை சனிக்கிழமைக் குழுவுக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். "நான் ஏன் மாறணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இப்போது பையன்தான் சனிக்கிழமை வருகிறான். அவன் அம்மாவுக்கு என்மேல் இன்னும் கோபம், கட்டணத்தை உறையில் போட்டுப் பையன் கையில் கொடுத்தனுப்புகிறார்.