மூணு ஏக்கர் செம்மண் சைட், ஐப்பசிக்கு இன்னும் மூணு வாரம்: மண் தெருவுக்குப் போகாம எப்படி நிறுத்துறது?

வண்டலூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். சிவில் முடிச்சிட்டு நாலு வருஷமா சைட் இன்ஜினியரா இருக்கேன். இப்ப இருக்குற சைட் வண்டலூர் பக்கம், மூணு ஏக்கர். மேற்கே உசரம், கிழக்கே கேட். ரெண்டுக்கும் 12 அடி வித்தியாசம். முள்ளுச்செடியை எல்லாம் ஜேசிபி விட்டு மொத்தமா எடுத்தாச்சு. மேல்மண்ணைச் சுரண்டி ஒரு ஓரமா குவிச்சு வெச்சிருக்கோம்.

போன வாரம் அரை மணி நேரம்தான் மழை. கேட் வழியா செந்தண்ணி தெருவுல ஓடிச்சு. மறுநாள் காலையில போனா, எதிர்வீட்டு அம்மா கோலம் போடுற வாசல்ல விரக்கடை சேறு. துடைப்பத்தோட நின்னுக்கிட்டு இருந்தாங்க. திட்டல. "இன்னும் ஐப்பசியே வரல தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க. அது மனசுல நிக்குது. மழைநீர் வடிகால்ல கம்பியை விட்டுப் பார்த்தேன், ரெண்டடி ஆழத்துல முக்கால் அடி எங்க மண்ணு. அந்த வடிகால் போய்ச் சேர்றது ஏரியில.

மேனேஜர் கேட் ஓரம் மணல் மூட்டை போட்டா போதும்கிறார். எவ்வளவு மண் போகுதுன்னு கணக்கு காட்டினா அவர் கேப்பார். எப்படி அளக்குறது? மூணு வாரத்துல என்ன செய்ய முடியும்?

பாலாற்றுக்காரன்:

மூட்டையை ரெண்டு வரிசை அடுக்கி, பின்னால பச்சை வலை கட்டுங்க சார். நாங்க எல்லா சைட்லயும் அதைத்தான் செய்றோம். மழை விட்டதும் ரெண்டு ஆள் போட்டு அள்ளிடலாம்.

காவிரிக்கரை:

தம்பி, மூட்டை வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா அது கடைசி வேலை. நீங்க அங்கிருந்து ஆரம்பிக்கிறீங்க.

நான் சிங்கப்பூர்ல ஒன்பது வருஷம் சைட்ல இருந்தேன். கடைசி அஞ்சு வருஷம் ஈசிஎம் வேலை மட்டும்தான், அதாவது மழைத்தண்ணியோட மண்ணு வெளிய போகாம பாத்துக்குறது. அங்க சைட்டை விட்டுப் போற மழைத்தண்ணியில லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல மண் மிதக்கக் கூடாது. ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு அது. தண்ணி வெளியேறுற இடத்துல கேமரா பாத்துக்கிட்டே இருக்கும்.

ஒரு நாள் மதியம், பைல் கேப் (அஸ்திவாரத் தூண் தலையில போடுற கான்கிரீட்) வேலைக்காக 20 மீட்டருக்குக் கான்வாஸைச் சுருட்டினோம். சாப்பிட்டு வந்து மூடிக்கலாம்னு சொன்னது நான்தான். டப்பாவைத் திறக்குறதுக்குள்ள மழை பிடிச்சிடுச்சு. சைட்ல மத்த இடமெல்லாம் மூடித்தான் கிடந்துச்சு. அந்த 20 மீட்டர் போதுமா இருந்துச்சு, கால்வாய்த் தண்ணி பால் டீ மாதிரி ஆகிடுச்சு. அன்னிக்கு வேலை நின்னது. அதுக்கப்புறம் வானம் எப்படி இருந்தாலும் மூடிட்டுத்தான் சோத்துக்குப் போவேன்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, தண்ணியில கலந்த மண்ணைத் திரும்பப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணியில 0.1 மி.மீ. மணல் ஒன்றரை நிமிஷத்துல அடியில உக்காந்துடும். 0.01 மி.மீ. வண்டல் இறங்க ரெண்டரை மணி நேரம் ஆகும். 0.001 மி.மீ. களிக்கு அசையாத தண்ணியிலயே பத்து நாள். உங்க மூட்டைக்குப் பின்னால தண்ணி பத்து நாளா நிக்கப் போகுது? கனமான மணல் மட்டும் தங்கும், களி முழுசும் ஏரிக்குப் போயிடும். பச்சை வலை கதையும் அதுதான், அது வெயிலுக்குக் கட்டுறது.

அதனால முதல்ல மேற்குப் பக்கம் போங்க. வெளியிலிருந்து உங்க நிலத்துக்குள்ள வர்ற தண்ணியை ஒரு வாய்க்கால் வெட்டி ஓரமா திருப்பி விடுங்க. உங்க மேல பெய்யுற மழையே போதும், பக்கத்து நிலத்து மழை எதுக்கு? அடுத்தது, சரிவுக்குக் குறுக்கே 60 அடிக்கு ஒரு வரப்பு. நம்ம ஊர்ல விவசாயம் பாக்குறவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், தண்ணி ஓட ஓடத்தான் வேகம் புடிக்கும். மூணாவது, இந்த வருஷம் கை வைக்காத இடத்தை எல்லாம் மூடுங்க. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் வலை கிடைக்கும். குவிச்ச மண்ணுக்குத் தார்பாய், இல்லன்னா கம்பு, சணப்பு விதைச்சு விடுங்க, நாலஞ்சு நாள்ல முளைச்சிடும். இவ்வளவும் செஞ்சிட்டு கேட்டுக்கு வாங்க. லாரி டயர்ல ஒட்டின மண்ணு உள்ளயே உதிர்ற மாதிரி 50 அடிக்குப் பெரிய ஜல்லி பரப்புங்க. வண்டல் வேலி, அதாவது தண்ணியை விட்டு மண்ணைத் தடுக்குற துணி வேலி போட்டா, அதுக்குன்னு விக்கிற ஜியோ துணியில போடுங்க. அடியில அரையடி பள்ளம் பறிச்சுத் துணியைப் புதைக்கணும். சும்மா தொங்க விட்டா தண்ணி கீழ புகுந்து போயிடும்.

இன்னொண்ணு. இனிமே எந்த சைட்லயும் மொத்த நிலத்தையும் ஒரே நாள்ல சுரண்டாதீங்க தம்பி. எந்த பிளாக் வேலையோ அந்த இடத்தை மட்டும் திறங்க. உங்க முள்ளுச்செடி இருந்திருந்தா பாதி வேலையை அதுவே பாத்திருக்கும்.

நிலவளம்:

நான் வேளாண் பொறியியல் படிச்சவ. அளக்குறதுக்கு எளிய வழி சொல்றேன். 10 மி.மீ. கம்பியை ரெண்டடி நீளத்துக்கு வெட்டி, சரிவுல மேல, நடுவுல, கீழன்னு இருபது இடத்துல அடிங்க. மண் மட்டத்துல பெயிண்ட் கோடு. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கோட்டுக்கும் மண்ணுக்கும் இடைவெளியை ஸ்கேல் வெச்சுக் குறிச்சுக்குங்க.

மேனேஜர்கிட்ட மில்லிமீட்டர்னு சொன்னா ஏறாது, யூனிட்ல (100 கன அடி) சொல்லுங்க. ஒரு ஏக்கர்ல 1 மி.மீ. போனா 4 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை யூனிட். மூணு ஏக்கருக்கு ரெண்டு யூனிட் டிப்பர்ல ரெண்டு லோடுக்கு மேல. கண்ணுக்கு ஒண்ணுமே போன மாதிரி தெரியாது.

மண் இழப்புக்கு விஷ்மயர், ஸ்மித்னு ரெண்டு பேர் உருவாக்கின சமன்பாடு ஒண்ணு உண்டு. மழையின் வேகம், மண்ணோட தன்மை, சரிவு, மூடாக்கு (மண்ணை மூடியிருக்குற செடி, வைக்கோல் மாதிரி), வரப்பு மாதிரி ஏற்பாடு, இந்த அஞ்சையும் பெருக்கணும். முதல் ரெண்டும் நம்ம கையில இல்ல. வெறும் மண்ணுக்கு மூடாக்கு எண் 1. வைக்கோலை நல்லா பரப்பினாலே அது பத்துல ஒரு பங்குக்கு வந்துடும். காவிரிக்கரை அண்ணன் மூடச் சொன்னது இதனாலதான்.

கிழக்கு மூலையில ஒரு வண்டல் குழியும் வெட்டுங்க. அமெரிக்காவுல கட்டுமான சைட்டுக்கான அனுமதி விதியில ஏக்கருக்கு 3,600 கன அடின்னு ஒரு அளவு இருக்கு. உங்களுக்கு 45க்கு 40 அடி, 6 அடி ஆழம். ஆனா ஏக்கருக்கு 3,600 கன அடிங்கிறது ஒரு அங்குல மழைதான். 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. பெஞ்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குழியை மட்டும் நம்பாதீங்க. சுத்தி வேலி கட்டாயம் போடுங்க, லேபர் ஷெட்ல குழந்தைங்க இருப்பாங்க.

வண்டலூர்வாசி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பதினெட்டு நாள் கழிச்சு எழுதுறேன். வாய்க்கால், அஞ்சு வரப்பு, குழி, ஜல்லி எல்லாம் ஆச்சு. நார் வலைக்குப் பணம் ஒரு ஏக்கருக்குத்தான் கிடைச்சது, மீதிக்கு வைக்கோல். லேபர் ஷெட் பின்னால ஒரு துண்டு விட்டுப்போச்சு.

நேத்து ராத்திரி நல்ல மழை. காலையில ஸ்கேலோட போனேன். வலைக்குள்ள இருக்குற ஏழு கம்பியிலயும் கோடு அப்படியே இருக்கு. வைக்கோல் பக்கம் 1 மி.மீ. கூட இல்ல. ஷெட் பின்னால மட்டும் 4 மி.மீ., நடுவுல விரல் நுழையுற அளவுக்கு ஓடை விழுந்திருக்கு. அந்த இடத்தை போட்டோ எடுத்து மேனேஜருக்குக் காட்டினேன், மீதி வலைக்கு ஆர்டர் போடச் சொல்லிட்டார். எதிர்வீட்டு வாசல்ல கோலம் அழிஞ்சிருந்தது, சேறு இல்ல.

ஒரு சந்தேகம். குழித் தண்ணி இன்னும் சிவப்பா நிக்குது. அடுத்த மழைக்கு முன்னாடி பம்ப் வெச்சு வடிகால்ல விட்டுடலாமா?

காவிரிக்கரை:

விடாதீங்க தம்பி, அந்தச் சிவப்புதான் பத்து நாள் களி. ஊர்ல கலங்கின தண்ணிக்குத் தேத்தாங்கொட்டை உரைப்பாங்கல்ல, அதே வேலையைப் படிகாரம் செய்யும், துகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சு இறக்கிடும். ஒரு பக்கெட்ல கொஞ்சமா கரைச்சுப் பாத்து அளவைப் பிடிங்க, அள்ளிக் கொட்டாதீங்க, ஏரியில மீன் இருக்கு. தெளிஞ்சதும் பம்ப் குழாயை ஒரு காலி டிரம்ல கட்டி மிதக்க விட்டு, மேல்தண்ணியை மட்டும் எடுங்க. அடியில இருக்குற சேறு காஞ்சதும் அள்ளி உங்க மேல்மண் குவியல்லயே போடுங்க, அது நல்ல மண்ணு. ஷெட் பின்னால நாளைக்கே வைக்கோல் போட்டுடுங்க, வலை வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.